மழைக்கு வெட்டு நிற்கும், ஓட்டம் நிற்க வேண்டாம்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எனக்கு 260 ரப்பர் மரம் இருக்கிறது. ஆள் வைக்காமல் பால் எடுக்க நானே பட்டையை வெட்டுகிறேன். பகலில் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதும் சோலி. வயது 44. ஓடிப் பரிசு வாங்கியவன் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை சிவராத்திரிக்குப் போகும் சிவாலய ஓட்டம், தோது வந்தால் ஜனவரியில் எங்காவது ஒரு 21 கிலோமீட்டர், அவ்வளவுதான் என் ஓட்டம். மழைக்காலத்தில் ஓட்டத்தை விட்டுவிடாமல் இருப்பது எப்படி என்று சிலர் என்னிடம் வந்து கேட்பார்கள். ஒருமுறை நான் அதை விட்டுப்போட்டுக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும் என்பதால் கேட்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பனி கொட்டும் நாட்டில் ஓடுகிறவர்களுக்குக் குளிர்காலம் எப்படியோ, அப்படி எங்களுக்கு மழை. அதுவும் இரண்டு தடவை வரும். ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி ஒன்று, அக்டோபர் பாதிக்கு மேல் வருகிற ஐப்பசி மழை ஒன்று. ஆளை விழத்தட்டுவது இரண்டாவதுதான். அது ஓய்ந்த கையோடு பந்தயங்களும், பின்னாலேயே சிவராத்திரியும் வந்து நிற்கும்.

கொக்கி போன இடம்

காய்ந்த மாதங்களில் எனக்கு ஒருநாள் வெட்டு, மறுநாள் ஓட்டம். ரப்பரைத் தினமும் வெட்டக்கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால்தான் மரத்தில் பால் மறுபடி ஊறும். ஆசைப்பட்டுத் தினமும் கத்தி வைத்தால் கொஞ்ச காலத்தில் பட்டை மரத்துப்போய், வெட்டினாலும் பால் வராது. விடியுமுன் பால் நன்றாக ஓடும் என்பதால் வெட்டு நாளில் மூன்றரைக்கே எழும்பிவிடுவேன். வெட்டு இல்லாத நாளிலும் அதே நேரத்துக்குக் கண் தானாகத் திறக்கும். ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். இதை வைத்து நான் பெரிய ஒழுங்குக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை பிடித்தால் வெட்டு நிற்கும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டை விட்டு வழிந்து வீணாகும், சிரட்டையில் விழுவது பாதியும் மழைத்தண்ணீர். மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் மறை ஒட்டினால் மழையிலும் வெட்டலாம். 260 மரத்துக்கு அந்தச் செலவு எனக்குக் கட்டுப்படியாகாது. வெட்டு இல்லையென்றால் அலாரம் வைப்பதில்லை. அலாரம் இல்லையென்றால் மறுநாள் கண்ணும் திறப்பதில்லை. ஐப்பசி பிறந்து பத்து நாளில் ஓட்டம் போன இடம் தெரியாது. பழியை மழைமேல் போடுவேன். அந்தப் பத்து நாளில் ஆறு நாளாவது விடியற்காலை காய்ந்துதான் கிடந்திருக்கும். என் ஓட்டம் இத்தனை நாளும் வெட்டு என்ற கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கியைக் கழற்றினதும் கீழே விழுந்துவிட்டது.

ஆகவே முதல் வேலை, உங்கள் ஓட்டம் எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று கண்டுபிடிப்பது. பிள்ளையை ஏற்றிவிடும் பள்ளிக்கூட வேனாக இருக்கலாம், ஆறு மணிப் பேருந்தாக இருக்கலாம், காலை பூசையாக இருக்கலாம். மழை அதைத்தான் முதலில் கலைக்கும். அது கலைந்தாலும் நிற்கிற மாதிரி இன்னொரு கொக்கியை மழைக்கு முன்பே அடித்து வைக்கவேண்டும். நான் வைத்திருப்பது சுக்குக்காப்பி. வெட்டு நின்றாலும் அலாரத்தை அணைப்பதில்லை, மூன்றரையிலிருந்து நாலேகாலுக்கு நகர்த்துவேன். எழும்பி அடுப்பைப் பற்றவைத்து, சுக்கும் கருப்பட்டியும் தட்டிப்போட்டு, அது கொதிக்கிற நேரத்தில் ஷூ மாட்டிக்கொள்வேன். குடித்து முடித்துத் திண்ணையில் நின்று வானத்தைப் பார்ப்பேன். போவதா வேண்டாமா என்ற யோசனை அப்போதுதான். படுக்கையில் கிடந்துகொண்டு ஓட்டில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டு முடிவெடுக்கக்கூடாது. ஓட்டுக்குக் கீழே கேட்டால் சாரல்கூடப் பெருமழை மாதிரித்தான் இருக்கும்.

கல்குளத்துப் படியில் உட்கார்ந்த கதை

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தது. எங்கள் தோட்டத்தில் மட்டும் 41 மரம் ஒடிந்தது. வழியெல்லாம் மரம், கரண்ட் இல்லை, கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள். அந்த நேரத்தில் ஓட்டத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? நானும் நினைக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் சிவராத்திரி. நடுவில் கிடைத்தது எழுபத்து சொச்சம் நாள். அதில் முதல் பதினைந்து நாள் ஓகியின் கணக்கு. மீதி முழுவதும் என் கணக்கு. மரம் வெட்டி அகற்றிய பிறகும், ரோடு சரியான பிறகும், "இந்த வருஷம் இப்படி ஆயிப்போச்சு" என்று சொல்லிச் சொல்லியே தை மாதத்தைக் கடத்தினேன்.

சிவாலய ஓட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முஞ்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய்த் திருநட்டாலத்தில் முடியும். பன்னிரண்டு கோயில், ஏறக்குறைய 110 கிலோமீட்டர். சிவராத்திரிக்கு முந்தின நாள் கிளம்பி, கையில் பனையோலை விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவது. பந்தயம் கிடையாது. யாரும் நேரம் பார்ப்பதில்லை.

அந்த வருஷம் ஏழாவது கோயிலான கல்குளத்தில், குளத்துப் படியில் கால் நனைக்க உட்கார்ந்தவன் எழும்பவில்லை. நெஞ்சில் மூச்சு இருந்தது. வலது கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாணும் கல்லாகிவிட்டன. மச்சினன் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டுவிட்டு மட்டும் கேட்டான்: "அத்தான், மீதி அஞ்சு கோயிலையும் பைக்கிலேயே காட்டிட்டு வரட்டா?"

அன்றைக்குப் படித்த பாடத்தை இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறேன். ஓட்டத்தை விட்டால் முதலில் குறைவது மூச்சு. இரண்டு வாரத்திலேயே உடம்பில் ஓடும் ரத்தத்தின் நீர் அளவு குறைந்து, பழைய வேகத்தில் போனால் இளைக்கும். திரும்பி வரும்போதும் மூச்சுதான் முதலில் வரும். தசைநாணும் எலும்பும் பையத்தான் வரும். மூச்சு வந்துவிட்டதே என்று நம்பித் தூரத்தைக் கூட்டினால் காலில்தான் வில்லங்கம். இரண்டு வாரம் விட்டிருந்தால் பழைய தூரத்தில் பாதியில் தொடங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் நாலு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று இருபத்தைந்து நிமிஷம் போதும். பேசிக்கொண்டே ஓடமுடியாத வேகம் எதுவும் முதல் மூன்று வாரத்துக்கு வேண்டாம்.

பின்னாலிருந்து எண்ணுவது

சிவராத்திரி ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதி. 2024ல் மார்ச் 8, 2025ல் பிப்ரவரி 26, 2026ல் பிப்ரவரி 15. காலண்டர் வந்ததும் அந்தத் தேதியிலிருந்து பின்னால் எண்ணி, பதினைந்து வாரம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பேன். 2026 சிவராத்திரிக்கு எண்ணினபோது அது நவம்பர் 2ல் வந்து நின்றது. 1956ல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நவம்பர் 1க்கு மறுநாள். மறக்கவே முடியாது. உங்கள் குறி ஜனவரியில் ஒரு மாரத்தானாக இருந்தால் அதிலிருந்து எண்ணுங்கள். குறி இல்லாமல் "உடம்புக்கு நல்லது" என்று மட்டும் மழையில் இறங்கியவர்கள் நீடித்து நான் பார்த்ததில்லை.

பதினைந்தை மூன்று ஐந்தாகப் பிரிப்பேன். முதல் ஐந்து வாரம் நல்ல மழை. அப்போது கிலோமீட்டர் கணக்கே கிடையாது, நாள் கணக்கு மட்டும். இறங்கினேனா, ஒரு கோடு. அடுக்களைச் சுவரில் கரித்துண்டால் போடுகிறேன். வெள்ளையடிக்கிற அன்று அழிந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். அழியட்டும். அடுத்த ஐந்து வாரத்தில் ஞாயிறு ஓட்டம் மட்டும் நீளும், ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை. கடைசி ஐந்தில் திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரை, அங்கிருந்து பொன்மனை என்று என் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில்களை அந்த வரிசையிலேயே போய்ப் பார்ப்பேன். கடைசி வாரத்துக்கு முந்தின வாரத்தோடு நீளம் கூட்டுவதை நிறுத்திவிடுவேன்.

கடிகாரத்தையும் போனில் இருக்கும் ஓட்ட ஆப்பையும் முதல் ஐந்து வாரத்துக்கு எடுக்காதீர்கள். மழையில் வேகம் குறையும். போன வருஷத்து நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒரு வெட்டு என்றால் எவ்வளவு

வெட்டுக்காரர்கள் மனசு சரியில்லை என்று வெட்டாமல் இருப்பதில்லை. பட்டை காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். மழை ஏழு மணிக்குத்தான் விட்டது என்றால் ஏழரைக்குப் போவார்கள். நேரம் தப்பினால் பால் குறையும், ஆனால் கொஞ்சம் வரும். மழைக்கால ஓட்டத்துக்கு இதைவிட நல்ல முறையை நான் கண்டதில்லை.

என் கணக்கில் ஒரு வெட்டு பதினைந்து நிமிஷம். வாசலிலிருந்து ஏழரை நிமிஷம் போய்விட்டுத் திரும்பினால் போதும். அதற்குமேல் ஓடினால் லாபம். பதினைந்து நிமிஷத்தில் திரும்ப எனக்கு முழு அனுமதி உண்டு, கோடும் போட்டுக்கொள்ளலாம். சென்ற ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும்வரை அப்படிப் பாதியில் திரும்பியது நாலே நாலு தடவை. மற்ற நாளெல்லாம் ஏழரை நிமிஷம் போன பிறகு, "இவ்வளவு நனைஞ்சாச்சு, இனி என்ன" என்று அரைமணி முக்கால்மணி ஓடியிருக்கிறேன்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இறங்குவேன். இடைநாளில் திண்ணையில் பன்னிரண்டு நிமிஷம். திண்ணைப்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலால் எழும்பி, ஒரு காலால் குதிகாலைப் பைய இறக்குவது. முட்டியை நீட்டி பதினைந்து, லேசாக மடக்கி பதினைந்து, இப்படி மூன்று சுற்று. கல்குளத்தில் என்னை உட்காரவைத்த தசைநாணுக்கு மருந்தே இதுதான். பிறகு நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழும்புவது, பக்கத்துக்குப் பத்து. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரைக் கையால் சுற்றுகிறவர்களுக்குத் தோளுக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம்.

வானம் பார்ப்பது

இரண்டு மழைக்கும் குணம் வேறு. ஆனி ஆடியில் நேரம் காலம் இல்லாமல் சாரல் அடிக்கும், இடி குறைவு. அதில் தாராளமாக நனைந்து ஓடலாம். ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கறுத்து, இடியோடு சாயங்காலம் கொட்டும். காலை அநேகமாகத் தெளிவாக இருக்கும். அதனால் ஐப்பசியில் காலை ஓட்டத்தை "சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று தள்ளாதீர்கள். இடிச்சத்தம் கேட்டுவிட்டால் ஓட்டம் முடிந்தது. சுவரும் கூரையும் உள்ள கட்டிடத்துக்குள் போய், கடைசி இடி கேட்டு முப்பது நிமிஷம் கழித்தே வெளியே வரவேண்டும். ரப்பர் மரத்தடியில் ஒதுங்குவது மிகவும் தப்பு.

நாலைந்து நாள் விடாமல் பெய்தால் ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறி தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விடுவேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் கிழக்கே மழை குறைவு. இங்கே குடையோடு ஏறி, அங்கே வெயிலில் இறங்கியிருக்கிறேன். ஆனி ஆடியில் அந்தப் பக்கம் வேறொரு எதிரி, காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? முதலில் காற்றுக்கு எதிராக ஓடுங்கள், திரும்பும்போது அது உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் களைத்த நேரத்தில் எதிர்க்காற்று.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடினால் போட்டோ நன்றாக வரும். 115 அடி உயரம், ஒடுக்கமான நடைபாதை. நனைந்திருக்கும்போது அங்கே நடந்தால் போதும்.

ஷூ, கால், காய்ச்சல்

ஒரு ஜோடி ஷூவை வைத்து மழைக்காலத்தைக் கடத்த முடியாது. பழையதைத் தூக்கிப் போடாதீர்கள், மழைக்கு அது போதும். நனைந்து வந்ததும் உள் அட்டையை உருவித் தனியாக வைத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். விசிறிக் காற்றில் ஒன்றரை நாளில் காயும். நான் ஒருமுறை புத்திசாலித்தனமாக ஷீட் உலர்த்துகிற புகைப்புரைக்குள் கொண்டுபோய்த் தொங்கவிட்டேன். ஒரே ராத்திரியில் காய்ந்தது. அடிப்பாகம் பசை விட்டு வாயைப் பிளந்தது, புகையும் புளிச்ச பாலும் சேர்ந்த அந்த வாடை அதன் கடைசி நாள்வரை போகவில்லை. தோவாளைப் பேருந்தில் எனக்குப் பக்கத்துச் சீட் எப்போதும் காலி.

தொடை உரசுகிற இடத்திலும் விரலிடுக்கிலும் கிளம்புமுன் தேங்காயெண்ணெய். வந்ததும் கால் கழுவி விரலிடுக்கைத் துணியால் துடைக்கவேண்டும். தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் போனால் அட்டை ஏறும், ஒரு பொட்டலம் உப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்கவேண்டாம். தேங்கிய தண்ணீரிலும் வாய்க்கால் கவிழ்ந்த ரோட்டிலும் காலில் கீறலோடு ஓடாதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலிக்கும், கண் சிவக்கும். நம்மைப் போன்றவர்கள் அந்தக் கெண்டைக்கால் வலியை "நேத்து ஏற்றத்துல ஓடினது" என்று தைலம் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுவோம். மழைத்தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

இருட்டில் நெற்றிவிளக்கு கட்டாயம், வெளிர்நிறச் சட்டை கட்டாயம். வெட்டுக்குப் பயன்படுகிற விளக்கையே நான் கட்டிக்கொண்டு போவதால், எதிரே வருகிறவர்கள் "எந்தத் தோட்டத்துக்கு அண்ணே, இந்த மழையில?" என்று கேட்பார்கள்.

கூட்டு

தனியாக மழையில் இறங்குவதைவிட, ஒருத்தனுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றால் கால் எளிதாக இறங்கும். எனக்கும் மச்சினனுக்கும் ஒப்பந்தம்: நாலரைக்குள் மிஸ்டு கால் கொடுக்காதவன் ஞாயிற்றுக்கிழமை சாயாவும் பழம்பொரியும் வாங்கவேண்டும். அவன் ஓடுவது களியக்காவிளைப் பக்கம், நான் இங்கே. சேர்ந்து ஓடவேண்டும் என்று கட்டாயமில்லை. சாயாக்கடைக்காரரும் இதில் ஒரு பங்கு. இரண்டு நாள் என்னைக் காணவில்லையென்றால் மூன்றாம் நாள் கடைமுன்னால் நாலு பேர் கேட்க, "என்ன மக்கா, சிவனுக்கு லீவு கொடுத்துட்டியா?" என்பார். அதற்குப் பயந்தே ஓடிய நாள் உண்டு.

வீட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அம்மா, "மழையில போயி காய்ச்சல் பிடிச்சுட்டு வராத மக்களே" என்று தினமும் தடுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த தோர்த்துத் துண்டையும் வெந்நீரையும் எடுத்து வைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். இப்போது நான் எழும்பாவிட்டால், வெந்நீர் ஆறுகிறது என்று அவள்தான் எழுப்புகிறாள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் பசி கூடும், சாயாக்கடையில் எண்ணெய்ச்சட்டி கொதிக்கும். ஓடுமுன் இரண்டு மட்டிப்பழம், வந்ததும் கிழங்கும் மீன்கறியும் என்று வயிற்றை நிரப்பிவிட்டால் ஞாயிற்றுக்கிழமைவரை பழம்பொரி கண்ணில் படாது.

தை பிறந்த பிறகு

தை மாதம் ரப்பர் இலை உதிர்க்கத் தொடங்கும். புதுத்தளிர் வருகிறவரை மரத்துக்கு ஓய்வு, வெட்டு மறுபடி நிற்கும். கொக்கி இரண்டாம் தடவை கழலுகிற இடம் இது. ஆனால் அதற்குள் சுக்குக்காப்பி பழகிவிட்டிருக்கும், ரோடும் காய்ந்திருக்கும். சிவாலய ஓட்டத்துக்கு நான் வெறுங்காலில்தான் போவது. அதற்கு உள்ளங்கால் தயாராக வேண்டும், தேங்கிய தண்ணீர் வற்றிய பிறகே அதைத் தொடங்கலாம். முதல் வாரம் ஓட்டத்தின் கடைசி ஐந்து நிமிஷம் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடை. அடுத்த வாரம் பத்து நிமிஷம், அதில் பாதி ஓட்டம். இப்படி வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுவேன். கொப்புளம் வந்தால் இரண்டு நாள் ஷூவுக்குத் திரும்புவேன்.

விசிறியையும் தை மாதமே வாங்கி, அலாரம் வைத்த போனுக்கு நேர்மேலே ஆணியில் தொங்கவிடுவேன். கண் திறந்ததும் படவேண்டும் என்று. மாசி பிறக்குமுன்னே அம்மா அதை எடுத்து அடுப்பு வீச ஆரம்பித்துவிடுவாள். முஞ்சிறைக்குக் கிளம்புகிற அன்று வழியில் இன்னொன்று வாங்கிக்கொள்வேன்.